வாடிக்கையாளர் பங்குதாரர் ஆன கதை

மலாய் மொழியில் புக்கிட் மேரா என்றால் சிவந்த குன்று என்று பொருள். அந்தப் பெயருக்கு ஒரு பழங்கதை உண்டு. கடலிலிருந்து பாய்ந்து வந்து கரையில் நின்றோரைக் குத்திக் கொன்ற கூர்மூக்கு மீன்களை, வாழைமரத் தண்டுகளை வேலியாக நட்டுத் தடுக்கலாம் என்று ஒரு சிறுவன் யோசனை சொன்னான். ஊர் பிழைத்தது. அவனுடைய அறிவைக் கண்டு அஞ்சிய அரசனோ அவனைக் கொல்லச் செய்தான். அந்த இரத்தம் படிந்து குன்று சிவந்தது என்பது கதை. யோசனை சொன்னவன் ஒருவன், பலனை அடைந்தவர் வேறொருவர் என்பதைத்தான் இது நமக்குச் சொல்கிறது. இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட பொருளும் அதற்கு வெகுதொலைவில் இல்லை. ஒரு தொழில் வளர்வதற்குக் காசு கொடுத்துத் துணைநிற்கும் வாடிக்கையாளருக்கு, அந்தத் தொழிலின் உடைமையில் பங்கு உண்டா? உண்டு என்றால், அந்தக் கதவை யார் திறக்கிறார்கள், எப்போது திறக்கிறார்கள்?

இந்தக் கேள்வி எப்படி எழுகிறது என்பதை முதலில் பார்ப்போம். ஒரு தொழில்நுட்ப நிறுவனத்தின் பொருளை நாம் நாள்தோறும் பயன்படுத்துகிறோம். கடையின் வரவு செலவை அதன் மென்பொருளில் எழுதுகிறோம். ஊரிலுள்ள உறவினரோடு அதன் வழியே பேசுகிறோம். பொருள் நன்றாக இருக்கிறது, விலையும் நியாயமாக இருக்கிறது. “இந்தக் கம்பெனியில் நாமும் கொஞ்சம் பணம் போட்டால் என்ன?” என்ற எண்ணம் பிறக்கிறது. பங்குத் தரகரிடம் போய்க் கேட்டால், “அந்தக் கம்பெனியின் பங்கு சந்தையில் இல்லையே! அது பிரைவேட் லிமிடெட் அல்லவா?” என்கிறார். நம்மிடம் பொருளை விற்பவர்கள் பங்கை மட்டும் ஏன் விற்க மறுக்கிறார்கள்? இதற்கு விடை காணச் சிங்கப்பூரின் வரலாறு நமக்குப் பெரிதும் உதவும். புக்கிட் மேராவில் வாழ்ந்த சாதாரணக் குடும்பங்களின் கண்கொண்டு அந்த வரலாற்றைப் பார்த்தால் இன்னும் தெளிவாக விளங்கும்.

புக்கிட் மேரா வட்டாரம் உழைப்பாளிகளின் வட்டாரம். கெப்பல் துறைமுகத்தில் மூட்டை சுமந்தவர்களும், ஸ்பூனர் சாலைக் குடியிருப்புகளில் தங்கி மலாயா ரயில்வேயில் பணியாற்றியவர்களும், அலெக்சாண்ட்ரா செங்கல் சூளையில் வேலை செய்தவர்களும் இதைச் சுற்றி வாழ்ந்தார்கள். அவர்களுள் தமிழர் பலர். செங்கல் சூளை நிலத்தில் தொடங்கிய ருத்ர காளியம்மன் வழிபாடு, இன்று டிப்போ சாலை ஆலயத்தில் தொடர்கிறது. இந்த மக்கள் குடியிருந்த வீடு பிறருடையது. ஏறிய பேருந்து பிறருடையது. அவசரத்துக்கு ஓடிப்போய்ப் பேசிய தொலைபேசியும் பிறருடையது. எல்லாவற்றிற்கும் காசு கொடுத்தார்கள். எதிலும் அவர்களுக்கு உடைமை இல்லை.

தொலைபேசியிலிருந்தே தொடங்குவோம், அந்தக் காலத்தின் புதிய தொழில்நுட்பம் அதுதான். அலெக்சாண்டர் கிரகாம் பெல் தொலைபேசிக்குக் காப்புரிமை பெற்றது 1876ஆம் ஆண்டில். மூன்றே ஆண்டுகளில், 1879இல், பென்னட் பெல் என்பவர் 50 இணைப்புகளைக் கொண்ட ஒரு தனியார் தொலைபேசி நிலையத்தைச் சிங்கப்பூரில் தொடங்கினார். 1882இல் அது ஓரியண்டல் தொலைபேசி, மின்சார நிறுவனத்தின் கைக்குச் சென்றது. அந்த நிறுவனத்தின் தலைமையிடம் லண்டன். அரசாங்கம் கொடுத்த உரிமத்தின் பேரில் ஏறத்தாழ எழுபது ஆண்டுகளுக்கு மேல் சிங்கப்பூரின் தொலைபேசி அதன் வசம் இருந்தது. இங்குள்ள வணிகர்கள் சந்தா கட்டினார்கள். மூலதனமும் முடிவும் இலாபமும் லண்டனில் இருந்தன. அந்த நிறுவனத்துக்கு இங்கிருந்து வேண்டியவை உரிமமும் சந்தாவுமே. உள்ளூர்ச் சந்தாதாரரின் மூலதனம் அதற்குத் தேவைப்படவில்லை.

இங்கு ஒரு பாடத்தை நாம் குறித்துக்கொள்ளலாம். உடைமையின் கதவு வாடிக்கையாளரின் ஆசையால் திறப்பதில்லை; உடையவரின் தேவையால்தான் திறக்கிறது. இனி வரும் வரலாறு முழுவதையும் இந்த ஓர் உரைகல்லில் உரைத்துப் பார்ப்போம்.

1955ஆம் ஆண்டு சிங்கப்பூரில் இரண்டு நிகழ்ச்சிகள் நடந்தன. அவ்வாண்டு ஜனவரி முதல் நாள் லண்டன் நிறுவனத்தின் கையிலிருந்த தொலைபேசிச் சேவை, சிங்கப்பூர்த் தொலைபேசி வாரியத்தின் கைக்கு வந்தது. ஜூலை முதல் நாள் மத்திய சேமநிதி தொடங்கப்பட்டது. தொழிலாளியின் சம்பளத்தில் ஒரு பகுதியும் முதலாளி கொடுக்கும் ஒரு பகுதியும் சேர்ந்து முதுமைக் காலத்துக்காகச் சேமிக்கப்படும் ஏற்பாடு அது. இவ்விரண்டுக்கும் அன்று எவ்விதத் தொடர்பும் இல்லை. முப்பத்தெட்டு ஆண்டுகள் கழித்து இவை இரண்டும் ஒரே இடத்தில் சந்திக்கும் என்று அப்போது யாரும் எண்ணியிருக்க மாட்டார்கள்.

தொலைபேசி பொது உடைமை ஆயிற்று என்பதால், சந்தாதாரர் உடையவர் ஆகிவிட்டாரா? ஒரு பொருளில் ஆம். வாரியம் நாட்டுக்குச் சொந்தம், நாடு மக்களுக்குச் சொந்தம். மற்றொரு பொருளில் இல்லை. கையில் பங்குப் பத்திரம் கிடையாது, ஈவுத்தொகை கிடையாது, விற்கவோ பிள்ளைக்கு எழுதி வைக்கவோ முடியாது. பொதுவாக எல்லாருக்கும் சொந்தமான ஒன்றுக்கும் தனியாக ஒருவர் பெயரில் பதிவான ஒன்றுக்கும் உள்ள வேறுபாடு இது.

தனியாகப் பெயரில் பதிவாகும் உடைமையைச் சாதாரண மக்களுக்கு முதலில் அறிமுகப்படுத்தியது வீடு. 1961ஆம் ஆண்டு மே 25ஆம் நாள் புக்கிட் ஹோ சுவீயில் பெருந்தீ மூண்டது. ஏறத்தாழ 16,000 பேர் வீடிழந்தனர். அதற்கு முந்திய ஆண்டுதான் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் பிறந்திருந்தது. எரிந்த நிலத்தில் அடுக்குமாடி வீடுகள் எழுந்தன. முதலில் அவை வாடகை வீடுகள். 1964இல் வீட்டைச் சொந்தமாக வாங்கும் திட்டம் வந்தது. 1968இல் மத்திய சேமநிதிப் பணத்தைக் கொண்டு அந்த வீட்டை வாங்கலாம் என்று அனுமதி வந்தது. அதன் பிறகே வாடகைக்காரர்கள் பெருந்திரளாக வீட்டுக்காரர் ஆனார்கள். 2002ஆம் ஆண்டில் தோ பாயோவுக்கு மாறும்வரை கழகத்தின் தலைமை அலுவலகம் ஜாலான் புக்கிட் மேராவில்தான் இருந்தது என்பதை இவ்வட்டாரத்துப் பெரியவர்கள் நினைவிற் கொண்டிருப்பார்கள். சம்பளத்திலிருந்து பிடிக்கப்பட்ட சேமிப்பு ஒரு சாவியாக முடியும் என்பதை மக்கள் கற்றுக்கொண்டது அந்த வீடுகளில்தான்.

அடுத்து வந்தது பேருந்து. 1970களின் தொடக்கத்தில் பல சீனப் பேருந்து நிறுவனங்கள் மூன்றாகவும், பிறகு 1973இல் ஒன்றாகவும் இணைக்கப்பட்டன. அப்படிப் பிறந்ததுதான் சிங்கப்பூர் பஸ் சர்வீசஸ். 1978இல் அதன் பங்குகள் சந்தைக்கு வந்தன. அந்தப் பங்குகளைச் சேமநிதிப் பணத்தைக் கொண்டு குறித்த வரம்புக்குள் வாங்கலாம் என்று அனுமதி கிடைத்தது. வீட்டைத் தவிர வேறொரு முதலீட்டுக்குச் சேமநிதியின் கதவு திறந்தது அப்போதுதான். பேருந்தில் ஏறுபவரே பேருந்து நிறுவனத்தில் சிறு பங்கு உடையவர் ஆனால், அந்தச் சேவையில் அவருக்கு ஓர் அக்கறை பிறக்கும் என்பது திட்டத்தின் எண்ணம். வாடிக்கையாளர் பங்குதாரர் ஆகும் கருத்து இந்நாட்டில் முதன்முதலாகப் பெரிய அளவில் செயல்பட்டது பேருந்துச் சீட்டின் வழியாகத்தான் என்றால் மிகையாகாது.

எனினும், மக்களின் சேமிப்பு எப்போதும் இவ்வளவு ஒழுங்கான பாதையில் சென்றது என்று நாம் எண்ணிவிடக் கூடாது. நம்மவர்களிடையே சீட்டுப் பிடிக்கும் வழக்கம் பழையது. தெரிந்தவர்கள் பத்துப்பேர் கூடிப் பிடிக்கும் சீட்டில் நம்பிக்கையே பிணை. அந்த நம்பிக்கையைப் பெரிய நிறுவனங்கள் கையில் எடுத்துக்கொண்டபோது வந்தது வினை. 1973இல் சிங்கப்பூரில் ஜெமினி சீட்டு நிறுவனம் வீழ்ந்தபோது, சிறுகச் சிறுகச் சேர்த்த பணத்தை அதில் போட்டவர்கள் கலங்கி நின்றார்கள். அவர்கள் பேராசைக்காரர்கள் அல்லர். பணம் எங்கே போகிறது, யார் கணக்குப் பார்க்கிறார்கள் என்ற விவரம் அவர்கள் கைக்கு வரவில்லை; அவ்வளவுதான்.

இதன் காரணமாகத்தான் பொதுமக்களிடம் பங்கு விற்கும் நிறுவனம் விவர அறிக்கை வெளியிட வேண்டும் என்று சட்டம் கட்டாயப்படுத்துகிறது. தொழில் என்ன, கடன் எவ்வளவு, மூன்று நான்கு ஆண்டுகளாக இலாபமா நட்டமா, திரட்டும் பணத்தை எதற்குச் செலவிடப் போகிறார்கள் என்பனவெல்லாம் அதில் எழுதப்பட வேண்டும். பொய் எழுதினால் தண்டனை உண்டு. விவர அறிக்கை என்பது ஏதோ வழக்கறிஞர்களின் தடித்த புத்தகம் என்று நாம் ஒதுக்கிவிடுகிறோம். உண்மையில் அது, ஏமாந்தவர்களின் கண்ணீரால் எழுதப்பட்ட சட்டம்.

பங்குச் சந்தையில் இடம்பெற்ற நிறுவனம் என்பதற்காகவே அது பாதுகாப்பானது என்றும் கொள்ளக் கூடாது. 1985ஆம் ஆண்டு பேன் எலக்ட்ரிக் என்ற நிறுவனம் கடன் சுமையால் சாய்ந்தபோது, சிங்கப்பூர்ப் பங்குச் சந்தையே டிசம்பர் மாதத்தில் மூன்று நாள் மூடப்பட்டது. அடுத்த ஆண்டு, 1986இல், சேமநிதிப் பணத்தில் ஒரு பகுதியை அங்கீகரிக்கப்பட்ட பங்குகளில் முதலீடு செய்யும் திட்டம் வந்தது. எல்லாப் பங்குகளிலும் அன்று, வரம்போடும் பட்டியலோடும்.

இப்போது மீண்டும் தொலைபேசிக்கு வருவோம். தொலைபேசி வாரியம் 1974இல் தொலைத்தொடர்பு ஆணையத்தோடு இணைந்தது; 1982இல் அஞ்சல் துறையும் சேர்ந்தது. கம்பி வழியே மட்டும் பேசிய காலம் மாறியது. செயற்கைக்கோள் நிலையம், கடலடிக் கம்பி, தகவலுக்காக இடுப்பில் மணியடிக்கும் பேஜர், 1988இல் கைப்பேசி என்று தொழில்நுட்பம் விரைந்தது. 1992ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நாள், ஒழுங்குமுறை வேலை ஆணையத்திடம் தங்க, தொழில் நடத்தும் வேலை சிங்கப்பூர் டெலிகாம் என்ற தனி நிறுவனத்துக்குச் சென்றது. அதன் பங்குகள் முழுவதும் அரசாங்கத்தின் கையில். பொதுமக்கள் வாங்க முடியாது. அதன் வாடிக்கையாளரோ நாட்டு மக்கள் அனைவரும்!

1993ஆம் ஆண்டு அக்டோபரில் அந்தக் கதவு திறந்தது. நிறுவனத்தின் ஏறத்தாழ 11 விழுக்காடு விற்பனைக்கு வந்தது. பங்குகள் மூன்று பிரிவாக இருந்தன. ‘ஏ’ பிரிவு, சேமநிதி உறுப்பினரான குடிமக்களுக்குத் தள்ளுபடி விலையில், ஒரு பங்கு 1.90 வெள்ளி. ‘பி’ பிரிவு 2 வெள்ளி. ‘சி’ பிரிவு ஏலமுறையில், விலை 3.60 வெள்ளியில் நின்றது. தள்ளுபடிப் பங்குகளை வாங்கும் பணம் சேமநிதியிலிருந்து வந்தது. அதற்கென அரசாங்கமும் உறுப்பினர் கணக்குகளில் ஒரு தொகையைச் சேர்த்தது. விற்காமல் குறித்த காலம் வைத்திருந்தவர்களுக்குக் கூடுதல் பங்குகள் இலவசமாகக் கிடைத்தன. பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட சிங்கப்பூரர்கள் பங்குதாரர் ஆனார்கள். நவம்பர் முதல் நாள் சந்தையில் வணிகம் தொடங்கியபோது, விலை 3.60 வெள்ளியையும் தாண்டிச் சென்றது. 1955இல் தனித்தனியே பிறந்த தொலைபேசியும் சேமநிதியும் அன்று சந்தித்தன. ஹெண்டர்சனிலும் தெலுக் பிளாங்காவிலும் புக்கிட் மேராவிலும், வாழ்நாளில் தரகரின் படியேறாத தாய்மாரும் துப்புரவுத் தொழிலாளரும் ஒரு தொழில்நுட்ப நிறுவனத்தின் பங்குதாரர்கள் ஆனார்கள்.

நம் உரைகல்லை இங்கே எடுப்போம். இந்தக் கதவு ஏன் திறந்தது? அரசாங்கத்துக்கு மூன்று தேவைகள் இருந்தன. தொலைத்தொடர்பு உலகெங்கும் போட்டிக்குத் திறந்துகொண்டிருந்தது. நிறுவனம் வணிக முறையில் பழக வேண்டியிருந்தது. உள்நாட்டுப் பங்குச் சந்தைக்குப் பெரிய, வலுவான பங்கு ஒன்று வேண்டியிருந்தது. வீட்டைப் போலவே பங்கும் மக்களை நாட்டின் வளர்ச்சியோடு கட்டிப்போடும் என்ற அரசியல் எண்ணமும் இருந்தது. உடையவரின் தேவையும் வாடிக்கையாளரின் ஆசையும் ஒத்துப்போன அரிய வேளை அது. அப்படியும், பெரும்பான்மைப் பங்கு அரசாங்கத்திடமே தங்கியது என்பதை மறக்கக் கூடாது. சிறு பங்குதாரருக்குக் கிடைத்தது ஈவுத்தொகையும் வாக்குச் சீட்டும். நிறுவனத்தை நடத்தும் கை மாறவில்லை.

அதன் பிறகு நடந்ததையும் சொல்ல வேண்டும். 1997இல் எம்1 நிறுவனம் கைப்பேசிச் சேவையில் போட்டிக்கு வந்தது. 2000ஆம் ஆண்டு ஏப்ரலில் தொலைத்தொடர்புச் சந்தை முழுவதும் திறக்கப்பட்டு ஸ்டார்ஹப் நுழைந்தது. 2001இல் சிங்டெல் ஆஸ்திரேலியாவின் ஆப்டஸ் நிறுவனத்தை வாங்கியது. 2002ஆம் ஆண்டு முடியும்போது பங்கின் விலை, ஒன்பது ஆண்டுகளுக்கு முன் தள்ளுபடியில் கொடுத்த 1.90 வெள்ளிக்கும் கீழே கிடந்தது. 3.60 வெள்ளிக்கு ஏலம் கேட்டவர்களின் நிலையைச் சொல்ல வேண்டியதில்லை. அதே வேளையில் போட்டியின் பயனாக வெளிநாட்டு அழைப்புகளின் கட்டணம் குறைந்தது. தஞ்சாவூரிலும் இராமநாதபுரத்திலும் இருந்த உறவினரோடு நெடுநேரம் பேச முடிந்தது. வாடிக்கையாளராக மகிழ்ந்தவரே பங்குதாரராக வருந்தினார்! ஒரே ஆள் இரண்டு நாற்காலியில் அமர்ந்தால் ஒன்று உயரும்போது மற்றொன்று தாழக்கூடும். பொருள் மலிவாகக் கிடைக்க வேண்டும் என்பது வாடிக்கையாளரின் நலம்; இலாபம் பெருக வேண்டும் என்பது பங்குதாரரின் நலம். இவ்விரண்டும் எப்போதும் ஒரே திசையில் போவதில்லை.

இதுவரை கண்டவை அரசாங்கத்தின் பிடியிலிருந்த சேவைகள். தனியார் தொடங்கிய தொழில்நுட்ப நிறுவனத்தின் கதை வேறு வகை. அதற்கும் சிங்கப்பூரிலேயே நல்ல எடுத்துக்காட்டு இருக்கிறது. 1981ஆம் ஆண்டில் சிம் வோங் ஹூ என்பவர், புக்கிட் மேராவுக்கு அண்மையில் சைனாடவுனிலிருந்த பேர்ல்ஸ் சென்டர் கட்டடத்தில் கணினி பழுதுபார்க்கும் கடை ஒன்றைத் தொடங்கினார். அதுவே கிரியேட்டிவ் டெக்னாலஜி. 1989இல் வெளியான சவுண்டு பிளாஸ்டர் என்னும் ஒலி அட்டை, ஊமையாய் இருந்த கணினிகளுக்கு வாய் கொடுத்தது. உலகெங்கும் அது விற்றது. உள்ளூர்ப் பிள்ளைகளும் தங்கள் கணினியில் அதைப் பொருத்திக்கொண்டு பெருமைப்பட்டார்கள். இந்த நிறுவனத்தில் பங்கு வாங்கலாமா என்று கேட்டிருந்தால் பத்தாண்டுக்கும் மேலாக விடை ‘முடியாது’ என்பதே. 1992இல் கதவு திறந்தது. ஆனால் நியூயார்க்கில் திறந்தது. அமெரிக்காவின் நாஸ்டாக் சந்தையில் இடம்பெற்ற முதல் சிங்கப்பூர் நிறுவனம் அதுதான். அதற்கு வாடிக்கையாளர் மிகுதியாக இருந்த இடமும், தொழில்நுட்பத்துக்குத் துணிந்து மூலதனம் தரும் இடமும் அமெரிக்காவே. சிங்கப்பூர்ச் சந்தைக்கு அது 1994இல்தான் வந்தது. 2007இல் நாஸ்டாக்கை விட்டு விலகியது. இங்கும் நம் உரைகல் பொய்க்கவில்லை: கதவு, வாடிக்கையாளர் காத்திருந்த இடத்தில் திறக்கவில்லை, நிறுவனத்துக்குத் தேவை இருந்த இடத்தில் திறந்தது.

அதே 1981ஆம் ஆண்டில் இந்தியாவில் ஏழு பொறியாளர்கள் 10,000 ரூபாயில் இன்போசிஸ் நிறுவனத்தைத் தொடங்கினார்கள். சிங்டெல் பங்கு வெளியான அதே 1993இல், இன்போசிஸ் தன் பங்கை 95 ரூபாய் விலையில் மக்களுக்கு விற்பனைக்கு வைத்தது. கூட்டம் முண்டியடித்ததா? இல்லை. விற்கவந்த பங்குகளுக்கு ஏற்ற அளவு விண்ணப்பம் வரவில்லை. மார்கன் ஸ்டான்லி என்ற அமெரிக்க நிறுவனம் எஞ்சியதில் பெரும்பகுதியை வாங்கிக் கைகொடுத்தது. மென்பொருள் என்றால் என்னவென்று பலருக்கும் விளங்காத காலம் அது. பிற்காலத்தில் இந்தியாவின் மிகப்பெரிய நிறுவனங்களுள் ஒன்றாக அது வளர்ந்ததை நாம் அறிவோம். ஆகவே நீண்ட வரிசை நின்றால் நல்ல பங்கு என்றோ, வரிசை இல்லாவிட்டால் மோசமான பங்கு என்றோ வரலாறு சொல்லவில்லை. கூட்டத்தின் ஆர்வம் ஓர் அளவுகோல் அன்று.

கதவைத் திறக்கவே வேண்டாம் என்று இருக்கும் நிறுவனமும் உண்டு. நமக்கு அணுக்கமான எடுத்துக்காட்டு சோஹோ. 1996இல் அட்வென்ட்நெட் என்ற பெயரில் தொடங்கி, 2009இல் சோஹோ என்று பெயர் மாற்றிக்கொண்ட இந்த மென்பொருள் நிறுவனம், சென்னையிலும் தென்காசிக்கு அருகே மத்தளம்பாறையிலும் அலுவலகம் வைத்து நடக்கிறது. வெளி முதலீட்டாளர்களின் மூலதனம் இன்றி, வாடிக்கையாளர் செலுத்தும் கட்டணத்தைக் கொண்டே அது வளர்ந்தது. 2025ஆம் ஆண்டில் அதன் அரட்டை என்னும் செயலி திடீரெனப் பெரும்புகழ் பெற்றபோது, பங்கு வெளியிடுங்கள், நாங்கள் வாங்குகிறோம் என்று பயனாளர் பலர் கேட்டார்கள். நிறுவனர்களுள் ஒருவரான ஸ்ரீதர் வேம்பு அதற்கு இசையவில்லை. காலாண்டுதோறும் இலாபம் காட்ட வேண்டிய நெருக்கடி இருந்திருந்தால் அரட்டை போன்ற ஒன்றை உருவாக்கியிருக்கவே முடியாது என்பது அவர் தந்த காரணம்.

இந்தக் காரணத்தை நாம் சற்று ஆராய வேண்டும். பொதுமக்களிடம் பங்கு விற்ற நிறுவனம் மூன்று மாதத்துக்கு ஒருமுறையோ ஆறு மாதத்துக்கு ஒருமுறையோ கணக்கைத் திறந்து காட்ட வேண்டும். இலாபம் குறைந்தால் பங்கு விழும். பங்கு விழுந்தால் நிர்வாகத்தின் மேல் கோபம் எழும். நெடுங்காலம் கழித்துப் பலன்தரும் ஆராய்ச்சிக்குப் பணம் ஒதுக்க அஞ்சுவார்கள். அப்படியானால், நாம் விரும்பும் அந்தப் பொருள் நன்றாக இருப்பதற்கு, அந்த நிறுவனம் நமக்குப் பங்கு தராமல் இருப்பதுகூட ஒரு காரணமாக இருக்கலாம்! மறுபக்கமும் உண்டு. மூடிய கதவுக்குப் பின்னால் கணக்கு எப்படி இருக்கிறது என்பதை வெளியார் அறிய முடியாது. நிறுவனர் நல்லவராய், திறமையுள்ளவராய் இருக்கும்வரை குறையில்லை. அதற்குமேல் பிணை எதுவும் இல்லை.

சட்டமும் இதற்கேற்பவே அமைந்திருக்கிறது. சிங்கப்பூரின் நிறுவனச் சட்டப்படி பிரைவேட் லிமிடெட் நிறுவனம் ஒன்றில் 50 பேருக்கு மேல் பங்குதாரராக இருக்கலாகாது. பங்கைக் கைமாற்றும் உரிமைக்கும் கட்டுப்பாடு உண்டு. இந்தியாவில் 2013ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அந்த வரம்பு 200. வாடிக்கையாளர் ஆயிரக்கணக்கில் வந்து கேட்டாலும் இத்தகைய நிறுவனம் அவர்களுக்கு நேரடியாகப் பங்கு கொடுக்க முடியாது. விவர அறிக்கை இல்லாமல் பணம் திரட்ட வேண்டுமானால், குறைந்த எண்ணிக்கையினரிடமோ, சட்டம் வகுத்த செல்வ வரம்பைத் தாண்டிய முதலீட்டாளரிடமோதான் திரட்டலாம். சிங்கப்பூரில் அந்த வரம்புகளுள் ஒன்று ஆண்டு வருமானம் 300,000 வெள்ளி; மற்றொன்று 20 லட்சம் வெள்ளிக்கு மேற்பட்ட நிகரச் சொத்து. அந்தச் சொத்துக் கணக்கிலும் குடியிருக்கும் வீட்டின் மதிப்பை ஓரளவுக்குமேல் சேர்க்க முடியாது. இழந்தால் தாங்கக்கூடியவர் மட்டும் நுழையட்டும் என்பது இதன் உட்கருத்து. இதனால் நல்ல வாய்ப்பு செல்வரிடமே தங்கிவிடுகிறது என்ற குறையைப் பலர் சொல்கிறார்கள். அதில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால் 1973இல் சீட்டு நிறுவனத்தில் பணத்தைப் போட்டு இழந்தவர்களை எண்ணிப் பார்த்தால், இந்த வேலியை முற்றிலும் பிடுங்கி எறியவும் மனம் வராது.

ஆசையும் வேலியும் சந்திக்கும் இடத்தில்தான் ஏமாற்றுக்காரன் கடை விரிக்கிறான். “பங்குச் சந்தைக்கு வருவதற்கு முன்பே உங்களுக்கு மட்டும் மலிவாகத் தருகிறேன்” என்று புகழ்பெற்ற நிறுவனத்தின் பெயரைச் சொல்லி அழைக்கிறான். நம்பகமான நிறுவனத்தின் பெயர் அவனுக்குத் தூண்டில் புழு. நமக்கு அந்த நிறுவனத்தின் பொருளின் மேலுள்ள பற்றை அவன் தன்மேலுள்ள நம்பிக்கையாக மாற்றிக்கொள்கிறான். ஓய்வு பெற்றவரின் சேமிப்பும், மகளின் திருமணத்துக்கென வைத்த பணமும் இப்படிப் போய்விட்டால் திரும்பி வருவது அரிது.

ஆகவே, வரலாறு நமக்குக் கற்றுத் தரும் கேள்விகளைத் தொகுத்துக்கொள்வோம். இந்தக் கதவு இப்போது ஏன் திறக்கிறது? உடையவருக்குத் தேவை என்ன: புதிய தொழிற்சாலைக்கு மூலதனமா, பழைய கடனை அடைக்கவா, அல்லது தாம் வெளியேறவா? விவர அறிக்கை எங்கே? விற்பவருக்கு உரிமம் உண்டா என்பதைச் சிங்கப்பூர் நாணய ஆணையத்தின் பதிவேட்டில் பார்த்தோமா? வேண்டும்போது இந்தப் பங்கை யாரிடம் விற்பது? முழுவதும் போய்விட்டால் வீட்டு அடுப்பு எரியுமா? இவற்றுக்கு விடை கிடைக்காவிட்டால், எவ்வளவு நல்ல நிறுவனமாயினும் நாம் வாடிக்கையாளராகவே இருந்துவிடுவது மேல்.

வாடிக்கையாளராக இருப்பது தாழ்வான நிலையும் அன்று. பங்குதாரர் தம் பங்கை விற்க ஒருவரைத் தேட வேண்டும். மூடிய நிறுவனமாயின் அப்படி ஒருவர் அகப்படாமலே போகலாம். வாடிக்கையாளரோ, பொருள் கெட்டுவிட்டால் அடுத்த மாதமே வேறு கடைக்குப் போகலாம். நல்ல பொருளுக்கு நியாயமான விலை கொடுத்து, குறையைச் சொல்லித் திருத்தச் செய்து, தொழில் நிலைக்கத் துணைநிற்பதும் ஒருவகை முதலீடே. பங்கு வாங்கும் நாள் முறைப்படி வந்தால், 1993இல் புக்கிட் மேராவின் எளிய குடும்பங்கள் செய்ததைப் போலத் தாங்கக்கூடிய அளவுக்கு வாங்கலாம். வராவிட்டால், நம் சேமிப்பு நம் பெயரிலேயே பத்திரமாக இருக்கட்டும்.